கணிப்பொறியின் துயிலும் வன்தட்டின் விழிப்பும்

தமிழ்த்துறை மலரில் வன்தட்டைப் பற்றிய கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். ஆதலின் இக்கட்டுரை எழுதக் காரணமான நிகழ்ச்சியைக் கூறிவிட்டுப் பொருளுக்குள் புகுவதே முறையாகும்.

2009ஆம் ஆண்டில் எங்கள் துறை நூலகத்தின் நூற்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி நடைபெற்றது. முதுகலை மாணவர் இருவர் ஒரு மடிக்கணினியில் நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைத் தட்டச்சு செய்து வந்தனர். ஒருநாள் நண்பகல் உணவுக்குச் செல்லும்போது கணினியின் மூடியைச் சாத்திவிட்டுச் சென்றனர். திரும்பி வந்து திறந்தனர். திரை ஒளிர்ந்தது, சுட்டி நகர்ந்தது, காலையில் தட்டிய பக்கமும் கண்முன் அப்படியே நின்றது. ஆனால் சேமிக்க முற்பட்டபோது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்னும் அறிவிப்பே வந்தது. வேறெந்த நிரலைத் திறக்க முயன்றாலும் அதே அறிவிப்பு. வேறு வழியின்றி மின்விசையை அழுத்தி அணைத்து மீண்டும் தொடங்கியபோது வன்தட்டு முற்றும் நலமாகவே இருந்தது. அன்று காலை முழுவதும் தட்டிய பதிவுகளைத்தான் காணவில்லை. அவ்வப்போது சேமிக்க வேண்டும் என்று மாணவரைக் கடிந்துகொண்டோம். கடிந்தது தவறன்று; ஆயினும் குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று என்பது பின்னரே விளங்கியது.

துயின்று எழுந்த கணிப்பொறி தன் வன்தட்டை அடையாளம் காணத் தவறிவிட்டது. அவ்வாறு ஏன் நேர்ந்தது என்பதை விளக்க, கணிப்பொறியின் துயிலை ஆள்பவர் யார் என்னும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரு ஆட்சியாளர்

கணிப்பொறிக்குள் இரண்டு வகை மென்பொருள்கள் அதிகாரம் செலுத்துகின்றன. ஒன்று, தாய்ப்பலகையில் உள்ள சில்லில் உற்பத்தியாளர் பதித்து அனுப்பும் நிலைபொருள். பயாஸ் என்று பலரும் அறிந்த மென்பொருள் இவ்வகையினது. மற்றொன்று, வன்தட்டிலிருந்து ஏற்றப்படும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமை. நிலைபொருளுக்குத் தாய்ப்பலகையின் அந்தரங்கம் தெரியும்: எந்தக் கம்பி எந்தக் கருவிக்கு மின்சாரம் தருகிறது, எந்தச் சில்லில் எந்த விசையைத் தட்டினால் எது அணையும் என்பன யாவும் அதற்கு அத்துப்படி. ஆனால் பயனாளர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இயக்க முறைமைக்கோ பயனாளரின் பணி தெரியும். பலகையின் அந்தரங்கம் தெரியாது.

1992இல் இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஏ.பி.எம். என்னும் மின்சிக்கன முறையில் ஆட்சி நிலைபொருளிடமே இருந்தது. இயக்க முறைமை வேண்டுகோள் விடுக்கலாம். எதை எப்போது அணைப்பது என்பதைப் பயாஸே தன் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யும். வன்தட்டுச் சில நிமிடங்கள் சும்மா இருந்தால் அதன் சுழற்சியை நிறுத்திவிடும். அடுத்த நொடியில் ஒரு பெரிய கோப்பை எழுத இயக்க முறைமை ஆயத்தமாகிக்கொண்டிருந்தது என்பதை அது அறியாது.

இந்நிலையை மாற்ற இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏ.சி.பி.ஐ. என்னும் நெறித்தொகுப்பை வெளியிட்டன. 2013 முதல் இதனை யு.இ.எஃப்.ஐ. மன்றம் பேணி வருகிறது. இதன் அடிப்படைக் கொள்கை எளியது: எப்போது துயில வேண்டும் என்பதை இயக்க முறைமை முடிவு செய்யும், இந்தப் பலகையில் அதனை எவ்வாறு செய்வது என்பதை நிலைபொருள் சொல்லித்தரும். சொல்லித்தரும் முறைதான் புதுமையானது. நிலைபொருள் தன் அறிவை அட்டவணைகளாகவும் சிறு நிரல்களாகவும் எழுதி நினைவகத்தில் வைத்துவிடுகிறது. அந்நிரல்கள் எந்தச் செயலியின் மொழியிலும் அமையாத பொதுவான இடைமொழியில் உள்ளன. இயக்க முறைமை தன்னுள் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவற்றைப் படித்து நடத்துகிறது. லினக்ஸில் இப்பணியைச் செய்வது இன்டெல் உருவாக்கிய ஏ.சி.பி.ஐ.சி.ஏ. என்னும் மென்பொருளாகும்.

ஏ.சி.பி.ஐ. கணிப்பொறியின் நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை வகுக்கிறது. எஸ்0 விழிப்பு, எஸ்5 முழு அணைவு. மூடியைச் சாத்தும்போது நேர்வது பெரும்பாலும் எஸ்3. இந்நிலையில் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் தொடர்கிறது. செயலி, வன்தட்டு முதலிய பிற உறுப்புகளுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. எஸ்4 நிலையில் நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்பட்டு நினைவகமும் அணைக்கப்படும்.

வன்தட்டு மறப்பவை

எஸ்3 துயிலில் வன்தட்டு மின்சாரத்தை இழக்கிறது என்றோம். காந்தப் பரப்பில் எழுதியவை அழிவதில்லை. அதற்காக நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கணினி தொடங்கும்போது வன்தட்டுக்கு இடப்பட்ட கட்டளைகளின் விளைவுகள் பல மறைந்துபோகின்றன. எந்த வேகத்தில் தரவைப் பரிமாற வேண்டும் என்னும் ஏற்பாடு அவற்றுள் ஒன்று. கடவுச்சொல்லை மாற்றவொட்டாமல் இடப்பட்ட உறைநிலைப் பூட்டு மற்றொன்று. வன்தட்டின் கடைசிப் பகுதியை இயக்க முறைமையின் கண்ணுக்கு மறைத்து வைக்கும் எல்லைக்கோடும் தற்காலிகமாக இடப்பட்டதாயின் அதுவும் போய்விடும்.

கணினி முதன்முறை தொடங்கும்போது இவற்றையெல்லாம் பயாஸ் செய்து முடித்துவிட்டு இயக்க முறைமையிடம் ஆட்சியை ஒப்படைக்கிறது. துயிலிலிருந்து எழும்போதும் முதலில் ஓடுவது நிலைபொருளே. ஆயினும் அது சுருக்கமாக ஓடிவிட்டு, இயக்க முறைமை தூங்கப்போகுமுன் குறித்து வைத்த முகவரிக்குத் தாவிவிடுகிறது. வன்தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அப்போது வன்தட்டின் டிரைவர் எனப்படும் இயக்கி நிரலின்மேல் விழுகிறது. உற்பத்தியாளர் தம் பலகைக்கென விரும்பிய ஏற்பாடுகள் என்னென்ன என்பது டிரைவருக்கு எவ்வாறு தெரியும்?

இதற்காகத்தான் ஏ.சி.பி.ஐ. வன்தட்டுகளுக்கெனச் சில வழிமுறைகளை வகுத்திருக்கிறது. பழைய ஐ.டி.இ. வகைக் கம்பியில் பரிமாற்ற வேகத்தைக் கேட்டறிய ஜி.டி.எம். என்றும், அதனை மீண்டும் அமைக்க எஸ்.டி.எம். என்றும் இரண்டு உள்ளன. பிற்காலத்துச் சாட்டா வன்தட்டுகளுக்கு எஸ்.டி.டி. என்னும் வழிமுறை உண்டு. வன்தட்டு தன்னைப்பற்றிச் சொல்லும் அறிமுகத் தரவை டிரைவர் இதன் வாயிலாக நிலைபொருளுக்குக் காட்டுகிறது. இவையெல்லாம் முன்னுரை போன்றவை. முதன்மையானது ஜி.டி.எஃப். என்பதாகும்.

ஜி.டி.எஃப். அழைக்கப்பட்டால் ஒரு பைட்டுக் கோவையைத் திருப்பித் தரும். அதில் ஒவ்வொரு ஏழு பைட்டும் ஒரு கட்டளை. ஏழு என்பது வந்தவாறு சுவையானது: ஐ.டி.இ. வன்தட்டின் கட்டுப்பாட்டுப் பகுதியில் சிறப்பியல்பு, செக்டர் எண்ணிக்கை, முகவரியின் மூன்று கூறுகள், கருவித் தெரிவு, கட்டளை என ஏழு பதிவிடங்கள் இருந்தன. அவ்வேழிலும் என்னென்ன எண்களை இட வேண்டும் என்பதையே நிலைபொருள் வரிசையாக எழுதித் தருகிறது. பொருளை விளக்குவதில்லை. மருத்துவர் எழுதிய சீட்டை அப்படியே மருந்துக்கடையில் நீட்டுவதுபோல, டிரைவர் இவ்வெண்களை அப்படியே வன்தட்டிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே நெறித்தொகுப்பின் எதிர்பார்ப்பு.

ஏழு பைட்டுக்குள் அடங்காதவற்றை இவ்வழியில் அனுப்ப இயலாது என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பூட்டப்பட்ட வன்தட்டைக் கடவுச்சொல்லால் திறக்கும் கட்டளைக்கு 512 பைட்டுக் கொண்ட தரவுத்தொகுதி ஒன்றும் உடன் செல்ல வேண்டும். ஆகவே அது ஜி.டி.எஃப். சீட்டில் அடங்காது.

லினக்ஸ் கண்ட வழி

இயக்க முறைமைகளுள் லினக்ஸின் மூலநிரல் அனைவரும் படிக்கத் தக்கது. எனவே இவ்விணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அதில் தெளிவாகக் காணலாம். லினக்ஸில் சாட்டா வன்தட்டுகளை இயக்கும் லிப்-ஏ.டி.ஏ. என்னும் நிரல்தொகுதியை ஜெஃப் கார்சிக் 2003இல் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கும் ஏ.சி.பி.ஐ.க்கும் தொடர்பே இல்லை. ராண்டி டன்லப், கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி ஆகியோர் செய்த பணியால் 2007இல் வெளிவந்த 2.6.21 பதிப்பில்தான் ஜி.டி.எஃப். கட்டளைகளை வன்தட்டுக்குச் சேர்ப்பிக்கும் பகுதி சேர்ந்தது.

சேர்ந்த பின்னரே சிக்கல்கள் தலைகாட்டின. டிரைவர் தன் பிழை திருத்தும் போக்கில் ஒரு வன்தட்டின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கும். நிலைபொருள் தந்த சீட்டோ வேறொரு வேகத்தை அமைக்கச் சொல்லும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே வண்டியின் கடிவாளத்தைப் பிடித்த நிலை இது. இதற்கு டெஜுன் ஹியோ முதலியோர் கண்ட தீர்வு, சீட்டில் உள்ளதை அப்படியே நிறைவேற்றாமல் சல்லடையிட்டுச் சலிப்பதாகும். பரிமாற்ற வேகத்தை மாற்றும் கட்டளை வந்தால் விட்டுவிட வேண்டும். அது டிரைவரின் உரிமை. கடவுச்சொல் அமைப்பை உறையவைக்கும் கட்டளையையும் விட்டுவிட வேண்டும். பயனாளர் கேளாமல் அவருடைய கருவியைப் பூட்டலாகாது. வன்தட்டுத் தானாகவே இணைப்புக் கம்பியை மின்சிக்கன நிலைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டையும் விட்டுவிட வேண்டும். இம்மூன்றும் இயல்பாகவே சலித்து நீக்கப்படுகின்றன. வேண்டுவோர் தொடக்க அளவுருக்களின் வழி இச்சல்லடையை மாற்றிக்கொள்ளலாம், ஏ.சி.பி.ஐ. வழிமுறைகளை முற்றிலும் புறக்கணிக்கவும் செய்யலாம்.

பூட்டுக் கட்டளையை நீக்கியது சரியா என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமுண்டு. அப்பூட்டு இல்லாவிடின், கணினியில் மேலாளர் அதிகாரம் பெற்றுவிட்ட தீய நிரலொன்று வன்தட்டுக்குப் புதிய கடவுச்சொல் இட்டு உரிமையாளரையே வெளியே நிறுத்திவிட முடியும். மறுபுறம், பழைய வன்தட்டை முழுமையாக அழித்துப் பிறருக்குக் கொடுக்க விரும்புவோருக்கு இந்தப் பூட்டே தடை; கணினியை ஒருமுறை துயிலவைத்து எழுப்பிப் பூட்டை விலக்கும் உத்தியை அவர்கள் கையாள்கின்றனர். கருவி வாங்கியவருடையது என்னும் கொள்கையே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கட்டளையை வன்தட்டு ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்பதும் ஒரு வினா. வன்தட்டே மறுத்தால் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டளைக்குச் செல்கிறது டிரைவர். வேறு வகையில் தவறினால் மீண்டும் ஒருமுறை முயல்கிறது. இரண்டாம் முறையும் தவறினால் அவ்வன்தட்டுக்கு நிலைபொருளின் சீட்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறது. ஏற்பாடு குறைந்தாலும் குறையட்டும், வன்தட்டுக் கிடைக்காமல் போகக்கூடாது என்பதே இதன் கருத்து.

சுருங்கிய வன்தட்டு

இனி எங்கள் துறையின் மடிக்கணினிக்கு வருவோம். வன்தட்டின் இறுதிப் பகுதியைக் கண்ணுக்கு மறைத்து வைக்கலாம் என்றேன். மறைகாப்புப் பகுதி எனக் கூறத்தக்க இதில் உற்பத்தியாளர் சிலர், கணினியைப் பழைய நிலைக்கு மீட்கும் கோப்புகளை வைத்திருந்தனர். வன்தட்டின் உண்மையான கொள்ளளவு ஒன்று. மறைத்தபின் அது வெளியே சொல்லும் கொள்ளளவு மற்றொன்று.

சில கணினிகளின் பயாஸ் தொடக்கத்தில் இம்மறைப்பைச் செய்யாமல், துயிலிலிருந்து எழும்போது மட்டும் செய்தது. ஏன் அவ்வாறு எழுதினார்கள் என்பது எழுதியவர்க்கே வெளிச்சம். இதன் விளைவைப் பாருங்கள். துயிலுமுன் வன்தட்டுத் தன் முழு அளவைக் கூறியிருந்தது. எழுந்தபின் டிரைவர் வழக்கப்படி அதன் பெயர், வரிசை எண், செக்டர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டது. பெயர் அதே, வரிசை எண்ணும் அதே, செக்டர் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தது. துயிலின்போது யாரேனும் வன்தட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டியிருக்கவும் கூடும். பழைய வன்தட்டின் கோப்பு அட்டவணையை வைத்துக்கொண்டு வேறொன்றில் எழுதினால் இரண்டின் தரவும் பாழாகும். ஆகவே டிரைவர் ஐயுற்றது. பழைய வன்தட்டுப் போய்விட்டது, புதியது ஒன்று வந்துள்ளது என முடிவு செய்து, அதற்குப் புதுப்பெயரும் இட்டது. பழைய பெயரில் திறந்திருந்த கோப்புகள் யாவும் அந்தரத்தில் நின்றன. எங்கள் மாணவர் கண்ட பிழை இதுவே.

டிரைவர் செய்ததைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தரவு பாழாவதைவிடப் பணி தடைப்படுவது மேல் என்று அது கருதியது. இரு மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமையே குறை. 2010இல் இதற்குத் திருத்தம் வந்தது. செக்டர் எண்ணிக்கை குறைந்து, வன்தட்டின் உண்மைக் கொள்ளளவு மட்டும் துயிலுமுன் கண்ட அளவோடு ஒத்திருந்தால், இது மறைப்பின் விளைவே எனத் தெளிந்து, மறைப்பை விலக்கிவிட்டு மீண்டும் சரிபார்க்கும்படி டிரைவர் மாற்றப்பட்டது.

இருமுறை நிறுத்தப்படும் சுழற்சி

எழும்போது மட்டுமன்று, அணையும்போதும் இருவரும் முட்டிக்கொண்டதுண்டு. சுழலும் வன்தட்டில் படிக்கும் தலை, தட்டின் பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப்படலத்தின்மேல் மிதக்கிறது. அணைக்குமுன் முறையாகக் கட்டளையிட்டால் தலை தன் இருப்பிடத்துக்கு மெல்லச் சென்று அமரும். பின்னர்த் தட்டு நிற்கும். கட்டளையின்றி மின்சாரம் அறுந்தாலோ, தட்டின் எஞ்சிய சுழற்சியைக் கொண்டே தலையை விரைந்து பின்வாங்க வேண்டும். மடிக்கணினி வன்தட்டுகளில் முறையான பின்வாங்கல் 6,00,000 முறைக்கு உறுதியளிக்கப்பட்டபோது, அவசரப் பின்வாங்கலுக்கு 20,000 முறை என்ற அளவிலேயே உறுதி தரப்பட்டது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே தேய்மானத்தின் கடுமையை உணர்த்தும்.

2007இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.22 முதல், அணைக்கும் வேளையில் வன்தட்டை நிறுத்தும் பணியைக் கெர்னலே ஏற்றது. அதுவரை அப்பணியைச் செய்துவந்த பழைய அணைப்பு நிரல்களும் தம் கடமையை விடவில்லை. நின்றுவிட்ட வன்தட்டுக்கு மீண்டும் நிற்கும்படி கட்டளை வந்தால், சில வன்தட்டுகள் அக்கட்டளையை நிறைவேற்றவே மறுபடி சுழலத் தொடங்கின! சுழலத் தொடங்கிய கணத்தில் மின்சாரமும் அறுபட்டது. அணைப்பு நிரல்களைப் புதுப்பிக்கும்வரை இத்தொல்லை நீடித்தது.

அது ஓய்ந்தபின் அதே தொல்லை நிலைபொருளின் வடிவில் வந்தது. ஹெச்.பி. காம்பேக் என்.எக்ஸ்.6310, என்.எக்ஸ்.6325 போன்ற சில மடிக்கணினிகளில், கணினியை அணைக்குமாறு ஏ.சி.பி.ஐ. வழியே சொன்னதும் நிலைபொருள் தானும் ஒருமுறை வன்தட்டை நிறுத்த முற்பட்டது. 2009இல் இவற்றின் பெயர்ப்பட்டியல் ஒன்று டிரைவர்களில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள கணினியாயின் கெர்னல் வன்தட்டை நிறுத்தாமல் நிலைபொருளிடமே விட்டுவிடும். பொதுவிதியால் தீராதது பெயர்ப்பட்டியலால் தீர்ந்தது. அழகான தீர்வன்று, ஆனால் விற்கப்பட்டுவிட்ட இலட்சக்கணக்கான கணினிகளின் நிலைபொருளை யார் திருத்துவது?

எஸ்4 நிலையில் இன்னொரு நுட்பம் உண்டு. நினைவகத்தின் படியை எடுக்கும்போது கருவிகள் யாவும் அசையாமல் நிற்க வேண்டும். படியை எழுதும்போதோ வன்தட்டு இயங்க வேண்டும். எழுதியபின் நிற்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் சுழற்சியை நிறுத்தாமல் கட்டளைகளை மட்டும் நிறுத்தி, கடைசி நிறுத்தத்தில்தான் சுழற்சியையும் நிறுத்த வேண்டும் என்று டிரைவருக்கு வேறுபடுத்திச் சொல்லப்படுகிறது.

இணக்கம் கண்ட இடங்கள்

முட்டல்களையே சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. குறுந்தட்டு இயக்கியில் இவ்விணைப்பு நன்றாகவே பலன் தந்தது. உள்ளே தட்டு இல்லாத இயக்கிக்கு மின்சாரம் வீண். 2013இல் லினக்ஸில் சேர்ந்த ஏற்பாட்டின்படி, தட்டு இல்லையென்று டிரைவர் உறுதிசெய்ததும் ஏ.சி.பி.ஐ. வழியே மின்சாரத்தை அறவே நிறுத்தலாம். பயனாளர் பொத்தானை அழுத்தினால் மின்சாரமற்ற இயக்கி அதனை உணராது, தாய்ப்பலகை உணரும். நிலைபொருள் கெர்னலுக்குச் செய்தி அனுப்பும். கெர்னல் மின்சாரத்தைத் திருப்பித் தந்து, தட்டையும் திறந்துவிடும். இருவருக்கும் தெரிந்தவை ஒன்றுகூடியதால் நிகழ்ந்த நன்மை இது.

இன்றைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டு அருகிவிட்டது, என்.வி.எம்.இ. வகை நினைவுச் சில்லுகள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. பல புதிய கணினிகளில் எஸ்3 நிலையே இல்லை. செயலி விழித்தவாறே ஆழ்ந்த சிக்கனத்தில் இருக்கும் வேறொரு துயில் வந்துள்ளது. தலை பின்வாங்கும் கவலை ஒழிந்தது. யார் முடிவு செய்வது என்னும் பழைய கேள்வி ஒழியவில்லை. என்.வி.எம்.இ. கருவி தன் உள்ளமைப்பின்படி தானே சிக்கன நிலைக்குச் செல்ல வல்லது. அதனை அவ்வாறு விடுவதா, முற்றிலும் அணைப்பதா என்பது பலகைக்குப் பலகை மாறுகிறது. ஆகவே ஏ.சி.பி.ஐ. அட்டவணையில் ஒரு குறிப்பை வைத்து, இக்கணினியில் முழுவதும் அணைப்பதே நன்று என்று நிலைபொருள் தெரிவிக்கும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் ஏற்படுத்தியது. 2020இல் லினக்ஸும் அக்குறிப்பை மதிக்கத் தொடங்கியது. நிலைபொருள் இங்கே ஏழு பைட்டுக் கட்டளை எதையும் நீட்டுவதில்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு, செயலை டிரைவரிடம் விட்டுவிடுகிறது.

எங்கள் துறையின் மடிக்கணினிக்குப் புதிய கெர்னல் இட்டபின், அதே மாணவர் இருவரும் அதன் மூடியைச் சாத்தியும் திறந்தும் இருபது முறை சோதித்தனர். இருபது முறையும் கோப்புச் சேமிக்கப்பட்டது. இழந்த பதிவுகளை மீண்டும் தட்டச்சு செய்ய அவர்களுக்கு இரண்டு நாள்கள் பிடித்தன.